வெங்காயமும் வார இதழும்

சுன்னாகம் சந்தையிலோ மருதனார்மடத்துச் சந்தையிலோ, வெங்காயம் விலைபோகாத ஒரு காலைப்பொழுதில் சற்று நேரம் நிற்போருடைய காதில் ஒரு பேச்சுத் தவறாமல் விழும். "சிறிமா அம்மையாரின் காலத்தில் மறித்ததுபோல இந்திய வெங்காயத்தை மறித்தாலொழிய எங்களுக்கு விமோசனம் இல்லை" என்பதே அப்பேச்சு. சொல்பவர் முதியவராயின், 1970க்கும் 1977க்கும் இடையில் தாம் கட்டிய கல்வீட்டைச் சாட்சிக்கு அழைப்பார். இளைஞராயின், தந்தையார் சொன்னதைச் சாட்சிக்கு அழைப்பார். பிறர் சொல்லக் கேட்ட சாட்சியம் நீதிமன்றத்தில் எளிதில் ஏறாது. சந்தையிலோ அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

இதே பேச்சின் மற்றொரு வடிவத்தைச் சட்டத்தரணிகளின் ஓய்வறையிலும், ஆசிரியர்களும் வைத்தியர்களும் கூடும் இடங்களிலும் கேட்கலாம். அங்கே வெங்காயத்துக்குப் பதிலாகச் சென்னைத் தொலைக்காட்சித் தொடர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. அத்தொடர்களை மறித்தாலன்றி எம் பிள்ளைகளின் பேச்சும் எம் எழுத்தாளரின் பிழைப்பும் உருப்படா என்று கற்றோர் கூறுகின்றனர். அவர்களும் அதே 7 ஆண்டுகளையே உதாரணம் காட்டுகின்றனர். தென்னிந்திய வார இதழ்கள் கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலன்றோ எம்மவரின் நாவல்கள் ஆயிரக்கணக்கில் விற்றன என்பது அவர்கள் வாதம்.

தோட்டத்தில் நிற்பவரும் துரைத்தனம் பார்ப்பவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது எம் நாட்டில் அபூர்வம். அங்ஙனம் ஒத்துப்போகும் அபிப்பிராயத்தை இலேசாகத் தள்ளிவிடுதல் பத்திரிகைக்கு அழகன்று. அதில் பாதி உண்மை என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். மறந்துபோன மறுபாதியைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம்.

முதலில் உண்மையான பாதியைச் சொல்லிவிடுவோம். 1970 மே மாதத்தில் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் கையில் அந்நியச் செலாவணி இல்லை. இருந்ததைக் கொண்டு மாவும் மருந்தும் எண்ணெயும் வாங்கவே போதவில்லை. ஆகவே இங்கே விளையக்கூடியவை என்று கண்ட பொருள்களின் இறக்குமதியை அது நிறுத்திற்று. வெங்காயமும் செத்தல் மிளகாயும் அவற்றுள் முக்கியமானவை. அப்போது யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு நிலத்தில் துலா மிதித்த காலம் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்திருந்தது. இணுவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், குப்பிழான் ஆகிய ஊர்களிலே, முன்பு இரண்டு பரப்பு நட்டவன் பத்துப் பரப்பு நடலானான். நட்ட இரண்டு இரண்டரை மாதத்தில் கிண்டி, பிடி கட்டி, கொட்டிலில் தொங்கவிட்டு, விலை பார்த்து விற்கக்கூடிய பயிர் வெங்காயம். அந்தர்க் கணக்கில் கொழும்புக்கு ஏறிய அப்பயிரைத் தேடித் தென்னிலங்கை வியாபாரி தோட்டத்து வாசலுக்கே வந்தான்.

வன்னியில் நடந்தது இன்னும் பெரிது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களின் கீழ்க் காணி பெற்ற இளைஞர்கள் மிளகாய் நட்டுக் கை நிறையப் பணம் கண்டனர். உத்தியோகம் தேடி அலைந்த பையன் உழவு இயந்திரத்துக்குச் சொந்தக்காரன் ஆனான். காணிக்குப் போனவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய குடும்பங்கள் அத்தயக்கத்தை விட்டன. ஒரு சமுதாயம் தன் மதிப்பீடுகளை மாற்றிக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

எழுத்துலகிலும் அவ்வாறே. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தபோது வாசிக்கப் பழகிய கண்களுக்கு ஏதேனும் வேண்டியிருந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் அவ்விடத்தை நிரப்பின. தண்ணிமுறிப்புக் காட்டையும் அங்குள்ள மனிதரையும் காட்டிய பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும், நெடுந்தீவுக் கடற்கரையைக் காட்டிய செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'ம் அக்காலத்து வெளியீடுகள். மயிலாப்பூர் மாடவீதியைக் கண்ணால் காணாமலே மனப்பாடமாக வைத்திருந்த எம் வாசகருக்கு, 70 மைலுக்கு அப்பால் உள்ள முல்லைத்தீவுக் காடு அப்போதுதான் கதையாக வந்து சேர்ந்தது. இதை நன்மை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இனி மறந்துபோன பாதி. அந்த மதில் எமக்காகக் கட்டப்பட்டதன்று. செலாவணி இன்மையால் கட்டப்பட்ட மதிலின் நிழல் எம்மீது விழுந்தது; அவ்வளவே. அதைக் கட்டியவர்கள் எம்மீது பரிவு கொண்டவர்கள் அல்லர் என்பதற்கு, அதே கைகள் செய்த வேறு காரியங்களே போதும். 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பு, சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் சிறுபான்மையோருக்கு இருந்த சொற்ப பாதுகாப்பையும் அகற்றியது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. தகப்பன் வெங்காயத்தில் கண்ட இலாபத்தைக் கொண்டு மகனை வைத்தியனாக்கலாம் என்றிருந்த வேளையில் மகனுக்கு வாசல் சாத்தப்பட்டது. ஒரே அரசாங்கம், ஒரே ஆண்டுகள், ஒரே குடும்பம். சந்தையில் பேசுவோர் தகப்பன் கதையைச் சொல்லுகின்றனர். மகன் கதையை வேறொரு நாளைக்கு, வேறொரு மேடைக்கு ஒதுக்கிவிடுகின்றனர்.

அதனினும் கொடிய கதை மலைநாட்டிலே நடந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் குறைந்து, கூப்பன் அளவு வெட்டப்பட்டு, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அவர்களுக்கு மரவள்ளி நடவும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. யாழ்ப்பாணத்தவர் பாணுக்கு வரிசையில் நின்றதைப் பெருங்கஷ்டமாக இன்றும் சொல்லிக்கொள்கின்றனர்; மலைநாட்டவருக்கு நிற்க வரிசையும் இல்லை. பசிக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள், மேலே நாம் புகழ்ந்த அதே மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்றனர். எமது பொற்காலத்தின் களையைப் பிடுங்கிய கைகள் அவை. இதை எழுதும்போது எமக்கே கூச்சமாக இருக்கின்றது. எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்கு நேர்மை இல்லை.

பின்பு 1977 ஜூலைத் தேர்தல். புதிய அரசாங்கம் அவ்வாண்டு இறுதியிலேயே இறக்குமதிக் கதவைத் திறந்தது. கமக்காரனைக் கேட்டுத் திறக்கவில்லை. அவன் தோட்டத்தில் அப்போது என்ன நின்றது, அவன் எவ்வளவு கடன்பட்டிருந்தான் என்று விசாரித்தும் திறக்கவில்லை. விசுவமடுவின் மிளகாய் விலை சரிந்தது. வார இதழ்கள் கப்பலேறி வந்தன. வீரகேசரிப் பிரசுரங்களின் விற்பனையும் முன்போல் இருக்கவில்லை. கேளாமல் வந்தது கேளாமலே போயிற்று.

குத்தகை நிலம் செய்வோருக்கு நாம் சொல்லவருவது எளிதில் விளங்கும். குத்தகைக்குத் தவணை உண்டு. தவணை முடியுமுன் பயிர் நிற்கும் நிலத்திலிருந்து எழுப்புவதாயின் நிலக்காரன் காரணம் காட்டவேண்டும், முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். ஆனால் ஒருவருடைய வளவுக்குள் அவர் விரும்பும்வரை நிற்கலாம் என்று வாய்ச்சொல்லால் விடப்பட்டவனுக்கு இவையொன்றும் இல்லை. "போ" என்றால் போகவேண்டியதுதான். 1970 முதல் 1977 வரை எம் கமக்காரனும் எழுத்தாளனும் குத்தகைக்காரராக இருக்கவில்லை. வளவுக்குள் விடப்பட்டவர்களாகவே இருந்தனர். இன்று சந்தையிலும் ஓய்வறையிலும் எழும் கோரிக்கை, மீண்டும் எம்மை வளவுக்குள் விடுங்கள் என்பதே. குத்தகை எழுதித் தாருங்கள் என்று கேட்பார் எவரையும் காணோம்.

மதில் கட்டுவோன் எங்கே கட்டுவான் என்பது எம் கையில் இல்லை என்பதற்கு 2021ஐ விடச் சான்று வேண்டுமோ? 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் கோத்தாபய ராஜபக்ஷ வெளியிட்ட 'சுபீட்சத்தின் நோக்கு' என்ற விஞ்ஞாபனம், 10 ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவது பற்றிப் பேசியது. 10 ஆண்டு என்று வாசித்தவர்கள் ஆறுதலாக இருந்தனர். 2021 மே 6ஆம் திகதி வந்த வர்த்தமானி அறிவித்தலோ இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்திற்று. அதுவும் ஓர் இறக்குமதித் தடைதான். உள்நாட்டு உற்பத்தியைக் காக்கவும் அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்கவும் வந்த தடைதான். மதிலை விரும்புவோர் விரும்பியது கிடைத்தது. வெங்காயத்துக்கு வெளியே நிற்கவேண்டிய மதில் யூரியாவுக்கு முன்னால் நின்றது!

பெரும்போகத்து நெல் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பசளையின்றி மஞ்சளித்தது. சீனாவிலிருந்து வந்த சேதன உரக் கப்பலின் மாதிரியில் தீங்கான கிருமி உண்டென்று எமது தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் மறுத்தனர். இறக்காத அச்சரக்குக்காக நாடு 67 இலட்சம் டொலர் செலுத்தியது. 2021 நவம்பரில் தடை கைவிடப்பட்டது. 2022 ஜனவரியில் நெற்செய்கையாளருக்கு நட்டஈடாக 4,000 கோடி ரூபாய் என்று அறிவித்தனர். விதைத்தபின் உரம் இல்லை, கதிர் வந்தபின் உரத்துக்கு அனுமதி, அறுத்தபின் நட்டஈடு.

இதில் எம்மை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. உரம் இல்லாமல் பயிர் செய்தால் என்ன ஆகும் என்று இலங்கையில் எவருக்கேனும் அனுபவம் இருந்ததென்றால் அது வடக்கின் கமக்காரருக்கே. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையின்கீழ் உரமும் எரிபொருளும் மின்கலமும் மறிக்கப்பட்ட ஆண்டுகளில், சாணமும் குழையும் கொண்டு எவ்வளவு விளைவிக்கலாம், எதற்குமேல் விளைவிக்க முடியாது என்பதை அவர்கள் பரப்புக் கணக்கில் அறிந்திருந்தனர். நாட்டின் பிற பாகத்துக்குப் புதிய பரிசோதனையாக இருந்தது, எம் ஊர்க் கிழவருக்குப் பழைய பாடம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்பதற்கு ஒருவரும் வரவில்லை; சொல்வதற்கு அவரும் எங்கும் போகவில்லை.

மதிலுக்கு அப்புறத்தில் இருப்பவனும் எம்மைக் கேட்டு நடப்பவன் அல்லன். 2023 டிசெம்பர் 8ஆம் திகதி இந்தியா தன் நாட்டு விலையைக் காக்க வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. கொழும்பில் பெரிய வெங்காயத்தின் விலை எங்கோ போயிற்று. 2024 ஏப்ரிலில் இலங்கைக்கு 10,000 தொன்னுக்கு விசேட அனுமதி தந்தார்கள். மே மாதம் தடை நீங்கிற்று. நாசிக்கின் மழையும் புதுடில்லியின் தேர்தலும் சேர்ந்து இணுவிலின் விலையைத் தீர்மானிக்கின்றன. அந்த ஐந்து மாதங்களில் சின்ன வெங்காயம் வைத்திருந்தவர் பிழைத்தார். தடை நீடிக்கும் என்று நம்பி நட்டவர் கதையை விசாரித்துப் பாருங்கள்.

தொலைக்காட்சித் தொடருக்கு வருவோம். அதைத் தடைசெய்ய வேண்டும் என்ற கற்றோரின் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் அமைச்சுக்குக் கொடுத்துவிட்டு, அது சென்னை மாமியாரை மட்டுமே வெட்டும், எம் கவிஞனை வெட்டாது என்று நம்பியிருப்பதற்கு எமது சரித்திரம் இடந்தரவில்லை. 2024 ஜனவரியில் 108க்கு 62 வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், குழந்தைகளையும் பெண்களையும் காப்பதற்கென்று சொல்லியே வந்தது. ஓர் ஆணைக்குழு எதைப் பொய்க்கூற்று என்று தீர்மானிக்கலாம் என்பதை அதன் வாசகங்களில் வாசித்தவர்களுக்குத் தணிக்கைக் கத்தியை எவர் கையிலும் கொடுக்க மனம் வராது.

மேலும், மதில் இருந்தால் கலை வளரும் என்பதே முழுச் சரித்திரம் அன்று. டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கியது 1966இல். அப்போது மதில் ஏதும் இல்லை. சலூன் கடையில் உழைத்த ஒருவர், தென்னிந்திய இதழ்கள் குவிந்து கிடந்த அதே கடைத்தெருவில் தம் சஞ்சிகையைக் கையில் ஏந்தி விற்று, 40 ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் 1960களில் கூத்தை மேடையேற்றியபோதும் தென்னிந்தியப் படங்கள் கொட்டகைகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையையோ, தமிழ்நாட்டு வீடுகளே நேரம் பார்த்துத் திருப்பிவைத்துக் கேட்டன. கதவு திறந்திருந்த காலத்தில் அதன் வழியாக எமது குரலும் வெளியே போயிற்று என்பதை மறந்துவிடுகின்றோம்.

மதிலுக்குள்ளே என்ன நடந்தது? 1972இல் அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கி, இறக்குமதிப் படங்கள் அதன் கைக்குள் வந்தன. 1977இல் தர்மசேன பத்திராஜ 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை யாழ்ப்பாணத்திலே எடுத்தார். எமது சாதியையும் சீதனத்தையும் எமக்கே காட்டிய படம். சிங்களக் கலைஞர் ஒருவர் எம்மை இவ்வளவு உற்றுப் பார்த்தாரே என்று இன்று வியக்கின்றோம். அன்று எம்மவர் கொட்டகைக்குப் போகவில்லை. மதிலால் சந்தையைத் தரமுடியும், இரசிகனைத் தரமுடியாது.

தொடரைப் பழிக்கும் அன்பர்களிடம் ஒரு சிறிய குறுக்கு விசாரணை செய்ய விரும்புகின்றோம். இவ்வாண்டு எமது எழுத்தாளர் ஒருவருடைய நூலைக் காசு கொடுத்து வாங்கினீர்களா? வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெற்றுப் புகைப்படம் எடுத்துக்கொண்டதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். உங்கள் வீட்டுக்கு உள்ளூர்ச் சஞ்சிகை ஏதேனும் தபாலில் வருகின்றதா? விடையை எமக்கு எழுதவேண்டிய அவசியம் இல்லை.

பத்திரிகைகளாகிய நாமும் கூண்டுக்கு வெளியே நிற்பவர்கள் அல்லோம். பொருளாதாரத் தடையின் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துத் தினசரி, பள்ளிப்பிள்ளைகளின் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனங்கள் அந்தத் தாளைக் கடைசி எழுத்துவரை வாசித்தனர். இன்று நல்ல தாள் உண்டு, வர்ண அச்சு உண்டு. வெங்காயத்தின் இறக்குமதி வரி மாறினால் உட்பக்கத்தில் நான்கு வரி. நடிகருக்குத் திருமணம் என்றால் கால்பக்கப் படம். வாசகர் விரும்புகிறார் என்று சொல்லித் தப்பலாம். அந்நான்கு வரிகள் எவருடைய ஓராண்டு உழைப்பை விழுங்கும் என்பதை விளங்க எழுதியிருந்தால் வாசகர் எதை விரும்பியிருப்பார் என்று நாம் சோதித்துப் பார்த்ததே இல்லை.

அந்நான்கு வரிகளின் பின்னால் உள்ள சங்கதி இதுதான். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் முதலிய பொருள்களின் இறக்குமதி அறவீட்டை வர்த்தமானிக் கட்டளை மூலம் ஏற்றவும் இறக்கவும் அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது. கட்டளை இன்று வந்தால் இன்றே நடைமுறை. பாராளுமன்றத்தின் அங்கீகாரம் பின்னால் வரும். பண்டிகைக்கு முன் நகரத்தாரைத் திருப்தி செய்யவேண்டுமானால் இறங்கும். தம்புள்ளையில் விவசாயிகள் வீதிக்கு இறங்கினால் ஏறும். வீதிக்கு இறங்காதவரும் கொழும்பில் வாக்கு இல்லாதவரும் இக்கணக்கில் இல்லை.

நாம் கேட்கவேண்டியது தடை அன்று, தவணை. நடுகைக்கு முன்னரே, இப்போகத்து அறுவடை மாதங்களில் அறவீடு இன்ன தொகைக்குக் கீழே இறக்கப்படாது என்று அரசாங்கம் அறிவித்து, அச்சொல்லில் நிற்கவேண்டும். எமது விளைச்சல் சந்தையில் இல்லாத மாதங்களில் அறவீடு இறங்கட்டும். மலைநாட்டுத் தொழிலாளியும் கொழும்புக் கூலியும் மலிவாக வாங்கட்டும். 1974ஐ மறவாதவர்கள் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். முன்கூட்டிச் சொன்னால் வியாபாரிகள் பதுக்குவார்கள் என்று திறைசேரி அதிகாரிகள் கூறுவர். இன்று பதுக்கல் இல்லையா? வரப்போகும் கட்டளையை அறிந்தவர் சிலர், அறியாதவர் பலர் என்ற நிலைதான் பதுக்கலுக்கு உரம். எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிந்ததை வைத்து எவன் கொள்ளை இலாபம் அடிப்பான்?

சட்டத்தில் இதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. அரசு ஒரு நடைமுறையை அறிவித்து, அதை நம்பிப் பிரசை தன் கைப்பொருளை இட்டபின், நியாயமான காரணமின்றி அதை மாற்றலாகாது என்ற நியாயமான எதிர்பார்ப்புக் கோட்பாட்டை எமது உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையோடு சேர்த்து ஏற்றிருக்கிறது. ஆனால் அறிவித்தல் என்று ஒன்று இருந்தால்தானே எதிர்பார்ப்பு? வாய்ச்சொல்லையும் சந்தைப் பேச்சையும் கொண்டு வழக்காட முடியாது. 23ஆம் உறுப்புரையின்படி சட்டங்களும் அவற்றின் கீழ்வரும் கட்டளைகளும் சிங்களத்திலும் தமிழிலும் பிரசுரமாக வேண்டும். தமிழ்ப் பிரதி எப்போது கமக்காரன் கைக்கு வருகிறது என்று கேட்பதும் சட்டப்படியான கேள்வியே.

மாகாண சபை இருந்திருந்தால் இக்கேள்விகளைக் கேட்க ஓரிடம் இருந்திருக்கும். விவசாயம் 13ஆவது திருத்தத்தின் மாகாண நிரலில் உள்ள விஷயம். 2013இல் நாம் தெரிவுசெய்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக ஆளுநர் ஒருவரின் கையொப்பமே மாகாணத்தின் குரலாயிற்று. இதைப்பற்றி இப்பத்தியில் முன்பும் எழுதியுள்ளோம், இனியும் எழுதுவோம். ஆயினும் சபை வரும்வரை கைகட்டி இருக்கவேண்டும் என்பதில்லை.

எம்மவரின் பிழையையும் மறைக்கலாகாது. இவ்வாண்டு இணுவிலில் எத்தனை பரப்பு வெங்காயம் நடப்பட்டது என்று கேட்டால், எங்கள் சங்கங்களில் எவரிடம் கணக்கு உண்டு? ஒருவர் நட்டால் ஊரே நடுகின்றது. ஒரே வாரத்தில் கிண்டுகின்றது. ஒரே நாளில் சந்தைக்கு வருகின்றது. பின்பு இந்திய வெங்காயத்தைத் திட்டுகின்றோம். திட்டில் நியாயம் உண்டு, கணக்கு இல்லை. கணக்கில்லாத நியாயத்தை அமைச்சின் படிக்கட்டில் எவரும் வாங்குவதில்லை என்பதை, அப்படிக்கட்டில் ஏறி இறங்கிய அனுபவத்தால் சொல்லுகின்றோம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கின்றது. பிரசை எவரும் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலைநாள்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடும், அதற்குமேல் ஆணைக்குழுவும் உண்டு. இனி வரப்போகும் வரி மாற்றத்தை முன்கூட்டி வெளியிட முடியாது என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அம்மறுப்பு சட்டப்படி செல்லக்கூடியதே. ஆகவே அதைக் கேட்கவேண்டாம். நடந்து முடிந்தவற்றைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வெங்காயத்தின் அறவீடு எந்தெந்தத் திகதிகளில் மாற்றப்பட்டது? ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் எந்த அமைப்புகளிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டது? வடக்கின் விளைச்சல் கணக்கு எவரிடமிருந்து பெறப்பட்டது? தமிழ்ப் பிரசுரம் எத்தனை நாள் பிந்தியது?

யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் அடுத்த நடுகைக்கு முன் இந்நான்கு கேள்விகளை எழுதி நிதி அமைச்சுக்கும் விவசாய அமைச்சுக்கும் அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம். அனுப்பிய திகதியையும் வந்த விடையையும், விடை வராவிட்டால் வராத நாள்களின் எண்ணிக்கையையும் இப்பத்திரிகை வாரந்தோறும் முதற்பக்கத்தில் பிரசுரிக்கும்; நடிகரின் திருமணம் உட்பக்கத்துக்குப் போகட்டும். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர் சனிக்கிழமை காலையில் எமது காரியாலயத்துக்கு வரலாம். சட்டத்தரணிகள் இருவர் இருப்பர். கட்டணம் இல்லை, நட்ட பரப்பின் கணக்கை மட்டும் கையோடு கொண்டுவரவும்.